வீட்டுப் பக்கத்து ஏரிக்கரை பத்திரமாக இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்கிழக்கில் அட்லாண்டா, சார்லட், ராலே பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் ஏரி உள்ள குடியிருப்புகளில் வீடு வாங்கியிருக்கிறார்கள். மாலையில் நடக்க ஒரு பாதை, சின்னப் படகுத்துறை, பிள்ளைகள் தூண்டில் போட ஓர் இடம். அந்தத் தண்ணீரைத் தாங்கி நிற்பது ஒரு மண்கரை என்பதும், அந்தக் கரைக்குத் தாங்களும் பங்குதாரர்கள் என்பதும் பலருக்கு வீடு வாங்கிச் சில வருடம் கழித்துத்தான் தெரியவருகிறது.

நான் வடக்கு ஜார்ஜியாவில் அப்படி ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். ஆறு வருடமாக எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஏரிக் குழுவில் வேலை செய்கிறேன். நான் உரிமம் பெற்ற அணைப் பொறியாளர் இல்லை. பொறியாளர்களோடு கரையில் நடந்தும் அவர்கள் தந்த ரிப்போர்ட்டுகளைப் படித்தும் கற்றுக்கொண்டதை, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதிலாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் இருப்பது ஒரு குளம். அதைப் போய் அணை என்கிறீர்களே?

இந்தப் பகுதியில் இயற்கையாக உண்டான ஏரி என்று சொல்லப்போனால் எதுவும் கிடையாது. ஏறக்குறைய எல்லாமே ஓடையைக் குறுக்கே மறித்து மனிதர்கள் உண்டாக்கியவை. ஏரியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். மூன்று பக்கம் கரை வளைந்து நெளிந்து போகும். ஒரு பக்கம் மட்டும் நேராக இருக்கும். அதன்மேல் சாலையோ நடைபாதையோ போகும். அதற்கு அந்தப் பக்கம் தரை பத்து, இருபது அடி இறங்கும். அதுதான் அணை. மண்ணைக் கொட்டிக் கெட்டித்துப் போட்ட நம் ஊர் ஏரிக்கரைதான், வேறொன்றும் இல்லை.

பத்து ஏக்கர் பரப்பு, சராசரி எட்டு அடி ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 10 கோடி லிட்டர் வரும். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் அள்ளினால் எட்டாயிரம் லாரி வேண்டும்.

உபரித் தண்ணீர் வழிந்துபோகும் கலிங்கும், தண்ணீரைத் திறந்துவிடும் மதகும் இங்கேயும் உண்டு, தோற்றம்தான் வேறு. பல ஏரிகளில் தண்ணீருக்குள் கிணற்று உறை மாதிரி கான்கிரீட்டிலோ இரும்பிலோ ஒரு கூண்டு நிற்கும். தண்ணீர் அதன் வாயளவுக்கு ஏறியதும் உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் போகும் பைப் வழியாக அந்தப் பக்கத்து ஓடைக்குப் போய்விடும். பெருமழைக்கென்று கரையின் ஓரத்தில் புல் வளர்ந்த அகலமான வாய்க்கால் ஒன்று தனியாக இருக்கும். அதில் பத்து வருடத்துக்கு ஒருமுறைகூடத் தண்ணீர் வராமல் போகலாம். அதனாலேயே அது கலிங்கு என்று தெரியாமல் அங்கே ஊஞ்சல் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சின்னக் கரை உடைந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் டொக்கோவாவைத்தான் சொல்வேன். ஜார்ஜியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சிற்றூர். அங்கே 186 அடி உயர அருவி ஒன்று இருக்கிறது. அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை இருந்தது, கீழே ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. அணை சுமார் 40 அடி உயரம், 400 அடி நீளம். ஏரி 40 ஏக்கர். அணை என்று சொன்னால் நம் மனதில் வரும் மேட்டூரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

1977 நவம்பர் தொடக்கத்தில் சில நாட்கள் விடாமல் மழை பெய்தது. 5-ஆம் தேதி மாலையிலிருந்து நள்ளிரவுக்குள் மட்டும் மூன்று அங்குலத்துக்கு மேல். 6-ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணி வாக்கில் கரை உடைந்தது. உடைந்தபோது ஏரியில் இருந்தது ஏறத்தாழ 77 கோடி லிட்டர். அது அருவியில் விழுந்து, மாணவர் விடுதியின் கீழ்த்தளத்திலும் குடும்பத்தோடு படித்தவர்கள் இருந்த நகரும் வீடுகளிலும் புகுந்தது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். 39 பேர் இறந்தார்கள். அவர்களில் சின்னக் குழந்தைகளும் உண்டு.

அப்போது ஜார்ஜியாவில் அணைப் பாதுகாப்புச் சட்டமே இல்லை. 1972-இல் மத்திய அரசு அணைகளைச் சோதிக்கச் சட்டம் போட்டிருந்தது. ஆனால் தனியார் அணைகளைச் சோதிக்கும் வேலை நடக்கவில்லை. டொக்கோவாவுக்குப் பிறகுதான், சொந்த மாநிலத்தில் நடந்ததைப் பார்த்த அதிபர் கார்ட்டர், ஆபத்தான இடத்தில் இருக்கும் தனியார் அணைகளைச் சோதிக்க ராணுவப் பொறியாளர் படைக்கு உத்தரவிட்டார். 1981-க்குள் சுமார் 8,800 அணைகளைப் பார்த்தார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. ஜார்ஜியாவின் சட்டம் 1978-இல் வந்தது.

அந்த அணை எதனால் உடைந்தது என்று கண்டுபிடித்தார்களா?

ஒரே காரணம் என்று விசாரணைக் குழுவால் சொல்ல முடியவில்லை. பல குறைகள் சேர்ந்து உடைத்தன என்றார்கள். கரையின் வெளிச்சரிவு சில இடங்களில் 45 பாகை அளவுக்குச் செங்குத்தாக இருந்தது. இன்று கட்டும் மண்கரைகளில் ஓர் அடி உயரத்துக்கு இரண்டரை, மூன்று அடி படுக்கையாகச் சரிவு விடுகிறார்கள். சரிவில் மரங்கள் வளர்ந்திருந்தன. 1973-இலேயே வெளிச்சரிவில் ஒரு பகுதி சரிந்து விழுந்திருந்தது, அதற்குப் புகைப்படமும் இருந்தது. கசிவு இருந்தது. மழையில் ஊறிய சரிவு வழுக்கி, உச்சியில் ஒரு வாய் விழுந்து, அதை அரித்துக்கொண்டே தண்ணீர் வெளியேறியிருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வந்த முடிவு.

இந்தப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாதது எது? சரிவு, மரம், சரிந்த இடம், ஈரம் எல்லாமே கரையில் நடந்துபோகிற எவருக்கும் தெரியக்கூடியவை. நான்கு வருட அவகாசமும் இருந்தது. இதைப் படித்த பிறகுதான் நான் ஏரிக் குழுவில் சேர்ந்தேன்.

பொழுதுபோக்கு ஏரிக்கு மட்டும் என்ன தனி ஆபத்து?

பாசன ஏரிக்கு ஆள் உண்டு, இதற்கு ஆள் இல்லை.

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மதகு திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. மழைக்காலத்தில் ராத்திரி கரைமேல் நடப்பதும் அவர் வேலை. அறுவடையில் ஊரார் அவருக்கு நெல் அளந்தார்கள். ஏரி உடைந்தால் ஊருக்கே சோறு இல்லை என்பதால் அந்த ஏற்பாடு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரிவாரியம் என்று ஒரு தனிக் குழுவே வருகிறது, ஆயிரம் வருடத்துக்கு முன்னால்.

இங்கே உள்ள சிறு ஏரிகள் பலவும் ஒருகாலத்தில் வேலை செய்த ஏரிகள்தாம். டொக்கோவாவில் 1899-இல் மின்சாரத்துக்காக முதலில் அணை போட்டார்கள். 1957-இல் மின்சார உற்பத்தியை நிறுத்திய பிறகு ஏரி மீன்பிடிக்கவும் குளிக்கவும் என்று ஆனது. அடுத்த இருபது வருடம் அந்தக் கரையைப் பார்த்துக்கொள்வதற்கென்று சம்பளம் வாங்கிய ஆள் யாரும் இல்லை.

இதைவிடப் பெரிய கதை பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை. கால்வாய்க்குத் தண்ணீர் தர மாநில அரசு கட்டியது. ரயில் வந்ததும் கால்வாய் தேவையில்லாமல் போனது. கைமாறிக் கைமாறி 1879-இல் பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி கிளப்புக்கு வந்தது. கார்னகி, ஃப்ரிக், மெலன் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். முந்தைய உரிமையாளர் ஒருவர், ஏரியை அடியிலிருந்து வடிக்கும் அடிமதகின் ஐந்து இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றிருந்தார். கிளப் அவற்றைத் திரும்பப் போடவில்லை. மேலே வண்டி போக வசதியாகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். கீழே ஜான்ஸ்டவுனில் இருந்த இரும்பு ஆலைக்காரர்கள் 1880-இல் ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்த்தார்கள். ஏரியை வடிக்க வழியே இல்லை என்று அவர் எழுதினார். பயப்பட ஒன்றுமில்லை என்று கிளப் பதில் அனுப்பியது. 1889 மே 31-இல் பெருமழையில் தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தது, கரை கரைந்தது. 2,209 பேர் இறந்தார்கள்.

கிளப்காரர்கள் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ஏரி நிறைந்து தெரிய வேண்டும், மீன் இருக்க வேண்டும், மேலே வண்டி போக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். எங்கள் சங்கக் கூட்டத்திலும் இதே மூன்றும்தான் பேச்சு.

கலிங்கில் மீன் போகாமல் வலை கட்டியிருக்கிறோம். தப்பா?

தப்புதான். உடனே எடுத்துவிடுங்கள். இலையும் கிளையும் வலையில் அப்பிக்கொண்டால் கலிங்கு இருந்தும் பயனில்லை. கூண்டின் வாயில் குப்பை தடுக்கும் கம்பிக்கூடை வைப்பது வேறு விஷயம். அது இடைவெளி கணக்குப் பார்த்துச் செய்வது, அதையும் ஒவ்வொரு மழைக்கு முன்னும் சுத்தம் செய்ய வேண்டும்.

அதேபோல, கோடையில் படகு தரை தட்டுகிறது என்று கூண்டின் வாயில் பலகை செருகி நீர்மட்டத்தை ஓர் அடி உயர்த்துகிறவர்கள் உண்டு. நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே விட்டிருக்கும் வெற்றிடம் மழைவெள்ளத்துக்கான இடம். அந்த ஓர் அடி, வெள்ளத்துக்கென்று ஒதுக்கியதில் நாம் எடுத்துக்கொண்ட அடி. மண்கரையின் மேல் தண்ணீர் வழிந்தால் கான்கிரீட் மாதிரி தாங்காது, வெளிச்சரிவு அடியிலிருந்து மேலாக அறுத்துக்கொண்டு வரும்.

கரைக்கு வெளியே ஈரமாக இருக்கிறது. கசிவு எப்போது ஆபத்து?

மண்கரை என்றால் கொஞ்சம் கசியும். கசியவே கூடாது என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நான் கற்றுக்கொண்டது, மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: எங்கே கசிகிறது, எவ்வளவு கசிகிறது, கூடவே மண் வருகிறதா.

எங்கே என்பதைக் கண்டுபிடிக்கக் குளிர்காலம் நல்லது. இங்கே கரையில் போடும் பெர்முடா புல் டிசம்பரில் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். எங்கள் கரையில் ஒரு வருடம் அந்த வைக்கோல் நிறத்துக்கு நடுவே, அடிவாரத்திலிருந்து நாலடி உயரத்தில், ஒரு கோரைப்பாய் விரித்த அளவுக்குப் பச்சையாகத் தெரிந்தது. காலை வைத்தால் ஷூ ஓரத்தில் தண்ணீர் பிதுங்கியது. சுற்றிலும் உறைபனி, அங்கே மட்டும் பனி படியவில்லை. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது, எனவே அது மழைத் தண்ணீர் இல்லை.

கொஞ்சம் தள்ளி அடிவாரத்தில் சின்ன ஊற்றாக வந்ததை ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து சமையலறை ஜன்னலில் வைத்தேன். பிடித்தபோது தெளிவாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் பாட்டிலின் அடியில் நூல் அளவுக்குச் சிவப்பாக மண் படிந்திருந்தது. அந்தச் சிவப்பு எங்கள் கரையின் மண். தண்ணீர் கரைக்குள்ளிருந்து மண்ணை எடுத்துக்கொண்டு வந்தால், உள்ளே அதே அளவுக்குக் காலியாகிறது என்று அர்த்தம். வெளிப்பக்கம் தொடங்கும் அந்தப் பொந்து ஏரியை நோக்கி உள்ளே வளர்ந்துகொண்டே போகும். ஏரியைத் தொட்டுவிட்டால் அப்புறம் மணிக்கணக்குதான்.

அந்த வாரமே பொறியாளர் வந்தார். கசிவு வரும் இடத்தில் மணலும் அதன்மேல் ஜல்லியுமாகப் போட்டார்கள். தண்ணீர் வரும், மண் வராது. களிமண்ணை அப்பி அடைத்துவிடலாமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். வெளிப்பக்கம் அடைக்கவே கூடாது என்றார். வெளியேற வழியில்லாத தண்ணீர் கரைக்குள் அழுத்தத்தைக் கூட்டி, வேறு பலவீனமான இடத்தில் பீறிடும். இப்போது மாதத்துக்கு ஒருமுறை ஒரு லிட்டர் டப்பா நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எழுதி வைக்கிறோம். நீர்மட்டம் மாறாமல் அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தால் அவரைக் கூப்பிட வேண்டும்.

கரையில் உள்ள மரங்களை எதற்கு வெட்டச் சொல்கிறார்கள்? நம் ஊரில் கரையில் பனைமரம் வைப்போமே?

பனை வேறு, இங்கே நிற்கும் ஓக்கும் பைனும் வேறு. பனைக்கு நார் வேர். கொத்தாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கட்டை வேராகப் பருக்காது. ஓக் மரத்தின் வேர் தொடை பருமனுக்கு வளரும். மரம் பட்டுப்போன பிறகு வேர் மட்கி, அந்த இடம் அப்படியே குழாயாக நிற்கும். புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு கார் அளவுக்கு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும், அதுவும் ஏரி நிறைந்திருக்கும் அதே ராத்திரியில். நிழலில் புல் வளராது, மழைநீர் சரிவை அரிக்கும். புதர் மண்டியிருந்தால் கசிவு இருப்பதே தெரியாது.

இதில் எங்கள் குடியிருப்பில் சண்டையே வந்தது. அழகான மரங்கள், விட மனமில்லை. இருந்தாலும் ஒரு எச்சரிக்கை: பெரிய மரங்களைப் பொறியாளரைக் கேட்காமல் வெட்டாதீர்கள். வெட்டிவிட்டு வேரை உள்ளே விட்டால் அது மட்கும். வேரைத் தோண்டி எடுத்தால் அந்தப் பள்ளத்தை முறையாகக் கெட்டித்து மூட வேண்டும், அதற்கு முதலில் நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். கட்டைவிரல் பருமனுக்கு உட்பட்ட செடிகளை வருடத்துக்கு இரண்டு முறை புல் அறுக்கும்போதே அறுத்துவிட்டால் இந்தப் பாடு இல்லை.

கரைக்கு அடியில் போகும் பைப்பை எப்படிப் பார்ப்பது?

வெளிவாயிலில் டார்ச் அடித்துப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். ஆனால் உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். 1960, 70-களில் போட்ட ஏரிகள் பலவற்றில் நெளிவுத் தகட்டு இரும்புக் குழாய்தான் இருக்கிறது. அதன் ஆயுள் சில பத்து வருடங்கள், அவ்வளவுதான். துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கரை மண் குழாய்க்குள் விழும், குழாய் ஓடையில் கொண்டுபோய்க் கொட்டும். மேலே நடைபாதையில் சட்டி அளவுக்கு ஒரு குழி விழும். மண் போட்டு நிரப்புவார்கள். அடுத்த மாதம் திரும்ப விழும். பைப் போகும் கோட்டுக்கு மேலே கரையில் குழி விழுந்தால் மண் போட்டு மூடாதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கரை உடைய ஒரு சின்ன இணைப்பு கெட்டாலே போதும். கொலராடோவில் ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் லான் லேக் என்ற மண் அணை இருந்தது, 26 அடி உயரம். 1982 ஜூலை 15-இல் உடைந்தது, மூன்று பேர் இறந்தார்கள். மதகுக் குழாயும் வால்வும் சேரும் இடத்தில் அடைத்திருந்த ஈயப் பூச்சு நாளாவட்டத்தில் கெட்டு, அந்த வழியாகக் கசிந்த தண்ணீர் கரையை உள்ளேயே அரித்துவிட்டது.

வளை தோண்டும் பிராணிகள்?

கஸ்தூரி எலி நீர்மட்டத்துக்குக் கீழே நுழைந்து கரைக்குள் மேல்நோக்கி வளை தோண்டும். நீர்நாய் என்று நினைத்து நம் ஆட்கள் போட்டோ எடுப்பார்கள். வெளிச்சரிவில் கிரவுண்ட்ஹாக் என்ற பெரிய அணில் வகைப் பிராணி தோண்டும். இரண்டு பக்கத்து வளையும் நெருங்கினால் தண்ணீர் போக வேண்டிய தூரம் பாதியாகிவிடும். பிடித்து அகற்ற மாநில விதிகள் உண்டு, கேட்டுச் செய்யுங்கள்.

கரைமேல் விரிசல் விட்டிருக்கிறது. என்ன செய்வது?

வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடிப்பது சாதாரணம், ஆழம் இருக்காது. கரையின் நீளவாக்கில் ஓடும் விரிசல், அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தால், சரிவு நழுவத் தொடங்கியிருக்கிறது. ஏரிப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிக் குறுக்கே ஓடும் விரிசல் இன்னும் மோசம், தண்ணீருக்கு நேர்வழி. இரண்டு முனையிலும் ஆணி அடித்து, தேதி எழுதி, படம் எடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் அணை ‘ஹை ஹசார்ட்’ (உயர் ஆபத்து) என்று போட்டிருக்கிறது. வீட்டை விற்றுவிடலாமா?

பயப்பட வேண்டாம், அந்தச் சொல் கரையின் நிலைமையைப் பற்றியதே இல்லை. உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் வருமா என்பதை மட்டும்தான் சொல்கிறது. நேற்றுக் கட்டிய அருமையான கரையும் கீழே வீடு இருந்தால் அந்த வகைதான். ஜார்ஜியாவில் இதை முதல் வகை என்கிறார்கள். அதற்கு மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் பெர்மிட் வேண்டும், கடுமையான விதிகள் உண்டு. உயிர்ச்சேதம் எதிர்பார்க்கப்படாத இரண்டாம் வகைக்கு அதெல்லாம் கிடையாது.

கரையின் நிலைமைக்குத் தனி மதிப்பீடு இருக்கிறது: திருப்தி, பரவாயில்லை, மோசம், திருப்தியில்லை என்று. நாட்டின் 90,000-க்கும் மேற்பட்ட அணைகளுக்கு ராணுவப் பொறியாளர் படை ஒரு தேசியப் பட்டியல் வைத்திருக்கிறது. வரைபடத்தில் உங்கள் ஏரியைத் தேடிப் பார்க்கலாம். நான் கவலைப்படுவது, ஆபத்து வகையில் உயர்ந்தும் நிலைமையில் ‘மோசம்’ என்றும் இருக்கிற அணைகளைப் பற்றி.

இன்னொன்று. உங்கள் கரையில் எதுவுமே மாறாமல் வகை மாறலாம். கீழே காடாக இருந்த இடத்தில் பத்து வீடு வந்தால் இரண்டாம் வகை முதல் வகையாகிவிடும். வீடு கட்டியவர் வேறொருவர், கரையைப் பலப்படுத்தும் செலவு உங்கள் சங்கத்துக்கு. நியாயமாகப் படவில்லைதான், ஆனாலும் நிலவரம் அதுதான். கீழே நிலம் விற்பனைக்கு வரும்போதே கவுண்டி அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள்.

யார் பொறுப்பு? எவ்வளவு செலவாகும்?

அணை யாருடையதோ அவர் பொறுப்பு. சங்கத்தின் சொத்து என்றால் நாம் எல்லோரும். பைப் மாற்றுவது, கலிங்கை அகலப்படுத்துவது எல்லாம் சுலபமாக லட்சக்கணக்கான டாலருக்குப் போகும். அறுபது வீடு பங்கு போட்டால் என்ன வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரைக்கும் சாலைக்கும் சேமநிதி வைப்பது போலக் கரைக்கும் வருடா வருடம் ஒதுக்க வேண்டும்.

தட்டிக்கழிக்கவும் முடியாது. ஹவாயில் 2006 மார்ச் 14-இல் கா லோகோ அணை உடைந்து 7 பேர் இறந்தார்கள். பழைய கரும்புத் தோட்டத்து ஏரி அது. அதற்குக் கலிங்கே இல்லாமல் போயிருந்ததை விசாரணை காட்டியது. பிறகு உரிமையாளருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

புதிதாகக் கட்டிய அணை என்றால் கவலை இல்லையா?

வட கரோலினாவில் ஹோப் மில்ஸ் ஏரியின் அணை 2003-இல் மழையில் உடைந்தது. 2008-இல் புதிதாகக் கட்டினார்கள். 2010-இல் அதன் அடியில் தண்ணீர் வழி பார்த்துக்கொண்டு ஏரியே வடிந்துபோனது. முதலில் தண்ணீர் நிரப்பும் சில வருடங்களில்தான் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

வீடு வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

கடைசி சோதனை ரிப்போர்ட்டைக் கேளுங்கள். அதில் சொன்ன வேலைகளில் எது முடிந்தது என்று கேளுங்கள். சேமநிதியில் கரைக்கு எவ்வளவு, அடிமதகு கடைசியாக எப்போது திறந்து பார்க்கப்பட்டது, அவசரகாலத் திட்டம் எழுத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அடிமதகைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை என்றால் அதுவே ஒரு பதில். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது, தனியாக எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் எடுத்தால் நடைமுறைக்கு வரப் பெரும்பாலும் 30 நாள் ஆகும். வெள்ள வரைபடத்தில் உங்கள் வீடு வெள்ளப் பகுதிக்கு வெளியே என்று இருந்தாலும், அந்த வரைபடம் அணை உடைவதைக் கணக்கில் எடுத்து வரைந்தது இல்லை.

சந்தேகம் வந்தால் ஏரியைக் காலி செய்துவிடலாமா?

மட்டத்தைக் குறைப்பது நல்ல முதல் படி. ஆனால் அவசரம் இல்லாதபோது நாளுக்கு ஓர் அடிக்கு மேல் இறக்காதீர்கள் என்று எங்கள் பொறியாளர் சொல்லியிருக்கிறார். உள்சரிவு மண்ணில் ஊறிய தண்ணீர் வெளியேறும் முன்னால் ஏரி இறங்கிவிட்டால், தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் சரிவு நழுவும். கீழே உள்ளவர்களுக்கும் மாநில அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டுத் திறவுங்கள்.

கனமழை எச்சரிக்கை வந்தால்?

மழைக்கு முன்னால், பகலில், கூண்டின் வாயையும் புல் கலிங்கையும் சுத்தம் செய்துவிடுங்கள். உங்கள் ஏரிக்கு மேலே ஓடையில் வேறு ஏரிகள் இருக்கின்றனவா என்று தெரிந்து வையுங்கள். 2015 அக்டோபர் மழையில் தென் கரோலினாவில் மாநிலக் கண்காணிப்பில் இருந்த 50 அணைகளுக்கு மேல் உடைந்தன. கொலம்பியா நகரில் கில்ஸ் ஓடையில் வரிசையாக இருந்த குடியிருப்பு ஏரிகள் பலவும் அதில் அடக்கம். மேலே உள்ளது உடைந்தால் அந்தத் தண்ணீரும் உங்கள் கரையைத்தான் வந்து முட்டும்.

மழையின்போது தண்ணீர் உச்சியை நெருங்கினாலோ, வெளியே கலங்கிய தண்ணீர் பீறிட்டாலோ, ஏரிக்குள் சுழி தெரிந்தாலோ, முதலில் 911. அடுத்து கீழே இருப்பவர்களுக்குப் போன். அவர்கள் எண்கள் உங்கள் கையில் இப்போதே இருக்க வேண்டும். கரைமேல் ஏறி நிற்காதீர்கள், இருட்டில் தனியாகப் போகவே போகாதீர்கள். டொக்கோவாவில் நடந்தது அதிகாலை ஒன்றரை மணிக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, சந்தேகம் இருந்தால் பகல் வெளிச்சத்திலேயே கீழ்வீட்டுக்காரர்களைக் கிளம்பச் சொல்லுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கரையைப் பார்க்க வேண்டும்?

பொறியாளரின் சோதனைக்கு மாநில விதி சொல்லும் கால அளவு ஒரு பக்கம் இருக்கட்டும். நாங்கள் மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டு அங்குலத்துக்கு மேல் மழை பெய்த மறுநாளும் போகிறோம். இரண்டு பேர், முக்கால் மணி நேரம். உச்சியில் ஒரு நடை, வெளிச்சரிவின் நடுவில் ஒரு நடை, அடிவாரத்தில் ஒரு நடை. அடிவாரத்தில் நடப்பதுதான் முக்கியம், பெரும்பாலானவர்கள் மேலே மட்டும் நடந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆறு இடத்தில் நின்று படம் எடுக்கிறோம், போன மாதப் படத்தோடு ஒப்பிட. ஒரு லிட்டர் டப்பா, போன், டார்ச், ஊன்றுகோல், சின்ன நோட்டுப் புத்தகம். டிசம்பரில் பார்த்த அந்தப் பாய் அளவு பச்சைக்கு நாலு மூலையிலும் குச்சி நட்டிருக்கிறோம். போன குளிர்காலத்தில் பச்சை குச்சிகளைத் தாண்டவில்லை. இந்த சனிக்கிழமை மறுபடி அளக்கப் போகிறோம்.